சிவப்புக் கல்லுக்கு அப்பால்

மழை விட்டவுடன் கோயிலைப் பெருக்கிவிட வேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது தப்பு, ஐயா. ஈர இலை கல்லோடு ஒட்டிக்கொள்ளும், விளக்குமாறுதான் தேயும். வெயில் கொஞ்சம் ஏறி, இலையின் ஓரம் சுருண்ட பிறகு பெருக்கினால் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஹக்கிடம் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காவலுக்கு எங்கள் இருவரையும் போட்டிருக்கிறார்கள் என்று பெயர், விளக்குமாற்றைத் தொடுவது நான் மட்டும்தான். முன்னோர் பண்டிகை தொடங்கியதுமே அவன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். அதனால் இந்த விவகாரத்தில் அவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் யிம் சரூன். எங்கள் கோயில் பெரிய கோயில்களைப் போலப் பேருந்து வந்து நிற்கிற இடம் இல்லை. மாட்டுவண்டித் தடம் அகழியோடு முடிந்துவிடும். உள்ளே செம்பாறைக் கல்லில் வெளிமதில். நடுவில் ஒரு கோபுரம், அதற்கு நாலு பக்கமும் கதவு. ஆனால் மூன்று பொய்க் கதவு, கல்லிலேயே தாழ்ப்பாள் வரைக்கும் செதுக்கியிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். வடகிழக்கு மூலையில் சின்னதாக ஒரு கல்மண்டபம். வெளிநாட்டுக்காரர்கள் அதை நூலகம் என்கிறார்கள். அங்கே ஒரு புத்தகமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிழல் நன்றாக இருக்கும், ஒழுகாது.

சண்டை ஓய்ந்த பிறகு கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வந்து கோயிலையும் வடக்கு மேட்டையும் சுத்தம் செய்தார்கள். நானும் அவர்களோடு இருந்தேன். ஊரில் என்னைக் கண்ணி எடுத்தவன் என்பார்கள். உண்மையில் நான் கண்ணி எடுத்ததில்லை, ஐயா. கல்லுக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். ஆபத்தான இடத்தைச் சுற்றி அந்தக் கற்களை வரிசையாக வைப்பது என் வேலை. என் இடது கால் போனதும் அதில்தான் என்று ஊரார் நினைக்கிறார்கள். அது மோட்டார் சைக்கிளில் போனது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி நான் ஒன்று சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. பேசப் பழகும் முன்பே எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இதைத்தான்: சிவப்புக் கல்லுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. ஆடு போனாலும் போகட்டும், பந்து போனாலும் போகட்டும்.

எல்லாம் சுத்தமான பிறகு அந்தக் கற்களைப் பொறுக்கி, கருவிகள் வைக்கும் கொட்டகையில் அடுக்கியதும் நான்தான். யாராவது வந்து எடுத்துப் போவார்கள் என்றார்கள். வரவில்லை.

இனி என் மகள். மாலிஸ். அகழிக்கரையில் இளநீரும் நூடுல்ஸும் விற்கிறாள். அவளுக்கு விவரம் தெரியும் முன்பே அவள் அம்மா தாய்லாந்துப் பக்கம் வேலைக்கு என்று தரகன் வண்டியில் ஏறிப் போனாள். அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று மாலிஸிடம் சொல்லியிருக்கிறேன். பண்டிகைக்குப் பண்டிகை அவள் பெயரில் விகாரையில் சோறு வைக்கிறோம். உண்மையில் அவள் அம்மா அங்கே ஒரு படகுக்காரனோடு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேள்வி. ஆனால் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? செத்தவளுக்காக அழுகிற அழுகை ஒருநாள் நின்றுவிடும். நான் யோசித்துத்தான் செய்தேன்.

விபோல் கோயிலைச் செப்பனிட வந்த ஆட்களில் ஒருவன். சங்கிலியில் கல்லைத் தூக்கி நிறுத்துகிற வேலை. மழைக்கு வேலை நின்றதும் மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள்; இவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் அகழியில் பிடித்த பெரிய விரால் மீனோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"மீன் இவ்வளவு பெருசா இருக்கறப்பவே நெனச்சேன், விஷயமும் பெருசுன்னு."

"நானும் மாலிஸும் எல்லைக்கு அந்தாண்ட போலாம்னு இருக்கோம். பழத்தோட்டத்துல வேலை. கொஞ்ச நாள்தான். திரும்பி வந்து உங்களுக்கு ஓடு போட்ட வீடு கட்டித் தர்றோம்."

"எனக்கு இந்த வீடே போதும்."

"மழை பெஞ்சா உங்க வீட்ல பாத்திரம் வெக்க எடம் இல்லயே மாமா. இருக்கற குண்டான் எல்லாம் ஒழுகலுக்கே போயிடுது."

மாலிஸ் சிரித்தாள். "அப்பாவ ஒண்ணும் சொல்லாத. ஆயிரம் வருஷமா ஒழுகுற கோயிலுக்குக் காவல் இருக்கறவரு அவரு. ஒழுகல் இல்லேன்னா தூக்கம் வராது."

நானும் சிரித்தேன். கேலியில் தப்பில்லை. ஆனால் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மறுக்கவும் இல்லை நான். போய் வாருங்கள் என்று சொல்லி, மீனின் தலைப் பக்கத்தை அவன் தட்டில் வைத்தேன்.

எல்லைக்குப் போகும் தரகன் வண்டி சந்தையிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள். பிற்பகலில் நல்ல மழை. கொட்டகையில் சங்கிலியைக் கொண்டுவந்து வைக்க வந்த விபோல், மழைக்கு நூலகத்தில் ஒதுங்கிப் படுத்துத் தூங்கிவிட்டான். படிக்கட்டின் கீழே அவன் செருப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல பையன் என்பது செருப்பிலேயே தெரிந்தது. கோயில் படியில் செருப்போடு ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த வாரம் வடக்குக் கரை சரிந்து மேட்டு மண் மதிலுக்குள் வழிந்து வந்திருந்தது. மேட்டில் ஒரு கண்ணியும் மிச்சமில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் பெருமழை கண்ணியை இடம் மாற்றிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது பொய்யும் இல்லை. வேறு இடங்களில் நடந்திருக்கிறது.

கொட்டகையிலிருந்து கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, படிக்கட்டிலிருந்து பத்தடி தள்ளி மண்டபத்தைச் சுற்றி வைத்தேன். சாயம் அவ்வளவாக மங்கவில்லை. மழைச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் செருப்பை எடுத்து வரிசைக்கு வெளியே வைத்தேன். பிறகு தள்ளி நின்று கூப்பிட்டேன்.

"விபோல், எந்திரிக்காத. அப்படியே உக்காரு. காலக் கீழ வெக்காத."

"என்ன மாமா?"

"கரை சரிஞ்சு மேட்டு மண்ணு உள்ள வந்திருக்கு. ரெண்டு எடத்துல கண்ணி வெளிய தெரியுது. எங்கெங்கன்னு தெரியாம சுத்திக் கல்லு வெச்சிருக்கேன். நீ எப்படிடா இது வழியா உள்ள போன?"

அவன் தன் கால்களைப் பார்த்தான். "நடந்துதான் வந்தேன்" என்றான்.

"உங்கம்மா செஞ்ச புண்ணியம்."

அவன் அண்ணன் மாடு ஓட்டிக்கொண்டு போனபோது கண்ணியில் இறந்தவன். துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் கொண்டுவந்தார்கள். அந்தக் கூடையைப் பிடித்தவன் இவன். அதனால் மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கண்ணி எடுக்கறவங்களக் கூப்பிடுங்க மாமா."

"பண்டிகைக்கு எல்லாரும் லீவுல போயிட்டாங்க. முடிஞ்சதும் வருவாங்க. சாப்பாடு, தண்ணி நான் பாத்துக்கறேன். நீ பயப்படாத."

"மாலிஸ்ட்ட சொல்லிருங்க. வண்டிகிட்ட காத்துக்கிட்டு நிப்பா. ஆனா அவள இங்க வர விட்ராதீங்க மாமா. அவ பிடிவாதக்காரி, நான் இருக்கேன்னா வந்துருவா."

விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசிவரை அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மாலிஸ் மூட்டையோடு சந்தைக்குப் போனாள். வண்டி போய்விட்டது, அவள் திரும்பி வந்தாள். மூட்டையைப் பிரிக்காமல் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் வரல்லப்பா."

"முந்தின வண்டியில தனியாப் போயிருப்பான்மா. ஆம்பளங்க அப்படித்தான். இப்பவே தெரிஞ்சுதே, அதச் சொல்லு."

அவள் எழுந்துபோய் அடுப்பு மூட்டினாள். புளிக்குழம்பு வைத்தாள். நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றுதான்.

விபோலைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சோற்றையே வாழையிலையில் கட்டித் தூக்கிப் போட்டேன். முதல் பொட்டலத்தைப் பிரித்ததுமே, "இது மாலிஸ் வெச்ச குழம்பு. புளி கொஞ்சம் தூக்கலாப் போடுவா" என்றான். சாப்பிட்டுக்கொண்டே அழுதான். "நீங்க மட்டும் அன்னிக்கு வரலேன்னா நான் துண்டு துண்டாப் போயிருப்பேன், மாமா. இத எப்பவும் மறக்கமாட்டேன்" என்றான். இன்னொரு நாள் யோசனை ஒன்று சொன்னான்: மண்டபத்திலிருந்து உதிர்ந்த கற்களை எறிந்து பார்க்கட்டுமா, வெடித்தால் வெடிக்கட்டுமே. புத்திசாலிப் பையன். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடித்து மண்டபமே அவன் தலையில் இறங்கிவிடும் என்றேன். கையிலிருந்த கல்லை மெல்லக் கீழே வைத்துவிட்டான்.

அவனிடம் கைபேசி இல்லை. இருந்தாலும் எங்கள் பக்கம் சிக்னல் கோபுரம் இல்லை. மழையில் யாரும் கோயிலுக்கு வருவதும் இல்லை, மாலிஸும் அகழிக்கரையில் கடை போடுவதில்லை.

அவனை வெளியே விடத்தான் இருந்தேன், ஐயா. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி வழி செய்துகொண்டு போய், கையைப் பிடித்து அழைத்துவருவதாகத்தான் திட்டம். நான் அவனைக் காப்பாற்றுவதை மாலிஸும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். வண்டி போனதற்கு மறுநாளே அதைச் செய்யக் குச்சியோடு போனேன். போனவனிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த வண்டி எப்ப மாமா?"

குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விடுவது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது. வெளியே வந்தால் அவன் சும்மா இருப்பானா? கண்ணி எடுக்கிறவர்களைக் கேட்பான். அவர்கள் வந்து மண்ணைப் பார்ப்பார்கள். நான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என்னைப் பிடித்து வைத்திருந்தது அவன் என்று எனக்குத் தோன்றும். காலையில் எழுந்தால் அவன் நினைப்பு, சோறு அள்ளும்போது அவன் நினைப்பு. எங்கும் போக முடியவில்லை.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த மண்டபத்தில் கொசு அதிகம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீர், தண்ணீர் என்று கத்தத் தொடங்கினான். அவன் சத்தம் மதிலைத் தாண்டிக் கேட்டது.

பண்டிகைப் பதினைந்து நாளும் எங்கள் பெண்கள் விடியும் முன்பே எள்ளும் சோறும் உருட்டிக் கொண்டுபோய், பசித்த ஆவிகளுக்கு என்று விகாரையைச் சுற்றி எறிவார்கள். கோயிலுக்குள் கத்தல் கேட்கிறது என்றதும் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. யாரோ பிள்ளை இல்லாமல் செத்த ஆவி, விகாரை வரை வர முடியாமல் பழைய கோயிலில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். சோற்றை அங்கேயும் கொண்டுவந்தார்கள். உள்ளே வரப் பயந்து, வெளிமதிலுக்கு மேலே எறிந்துவிட்டுப் போனார்கள்.

"இந்த வருஷம் பேய்க்கெல்லாம் தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அரிசி ஆலைக்காரர் மனைவி.

"போன வருஷம் நீ போட்ட சோறு பத்தலயோ என்னவோ" என்றாள் அவள் தங்கை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நானும் சொன்னேன்: "தண்ணிதான் கேக்குது. சோத்துல கொஞ்சம் எளநி ஊத்திப் பிசைங்க." செய்தார்கள். நல்ல மனசுக்காரிகள். அந்த உருண்டைகள் மதிலுக்கு உள்பக்கம் விழுந்து கிடக்கும். நான் பெருக்கி அள்ளுவேன்.

ஆட்கள் நடமாட்டம் இருந்ததால் நான் அடிக்கடி அவன் பக்கம் போக முடியவில்லை. போகும்போது தண்ணீர்ப் பாட்டில்களை எறிந்தேன். எனக்குக் குறி அவ்வளவு போதாது. ஒன்று சிவப்புக் கல்லில் பட்டு உருண்டு, வரிசைக்கு உள்ளே மண்ணில் நின்றது. கீழ்ப்படியிலிருந்து ஒரு முழம் தள்ளி. அவன் கீழ்ப்படி வரை தவழ்ந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கையை நீட்டினால் எட்டியிருக்கும். நான் தடுக்கவில்லை. மறுநாள் போனபோதும் பாட்டில் அங்கேயேதான் இருந்தது, மூடி திறக்காமல்.

அன்று வேறு பாட்டில் எறிந்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதுதான் அங்கே ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன்.

பண்டிகையின் கடைசி நாள் காலை, விகாரையில் எல்லாம் முடிந்து வெயில் ஏறும் நேரத்தில், மாலிஸும் மற்றப் பெண்களோடு மதிலுக்கு வந்தாள். நான் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தேன். சோற்றை எறிந்துவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து அவள் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. காய்ச்சல் பிதற்றல்தான், அவள் வந்திருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"திரும்பாத, மாலிஸ். ஆவி பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பக் கூடாது" என்று ஆலைக்காரர் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

மாலிஸ் கையை உதறிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தாள். என்னைத் தாண்டி நடந்தாள். நூலகத்தைப் பார்த்தாள். கீழ்ப்படியில் அவன் கிடப்பதைப் பார்த்தாள். பிறகு சிவப்புக் கற்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்க எப்பப்பா கல்லு வெச்சாங்க?"

"கரை சரிஞ்சப்ப."

"அவன் எத்தன நாளா இங்க இருக்கான்?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தோளிலிருந்த துணியை இடுப்பில் கட்டிக்கொண்டாள். சிவப்புக் கல்லைத் தாண்டி முதல் அடி எடுத்து வைத்தாள்.

விபோல் தலையைத் தூக்கினான். அவன் தொண்டையில் சத்தமே மிச்சமில்லை, இருந்தும் கத்தினான். "வராத மாலிஸ், சிவப்பு, சிவப்பு, போயிரு" என்று கத்தினான். எழுந்திருக்கப் பார்த்து விழுந்தான். கையால் அவளைத் தள்ளுவது போலக் காற்றைத் தள்ளினான். அவள் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். நான் விளக்குமாற்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இலைகள் அப்போதுதான் காயத் தொடங்கியிருந்தன.

அவனிடம் போய்ச் சேர்ந்தாள். உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இவனுக்குத் தொண்டையே இல்லப்பா. இவன் கத்துறான்" என்றாள். "நீங்க ஏன் கத்தல?"

அவள் எழுந்து, ஒரு சிவப்புக் கல்லைக் காலால் உதைத்தாள். அடுத்ததையும் உதைத்தாள். பிறகு அந்த மண்ணில் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக, தரை அதிரும்படி மிதித்து நடந்தாள். விபோல் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவனுக்கு அப்போது எல்லாம் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரியாமல் இருந்தால் நல்லது.

ஆலைக்காரரின் இழுவை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. மலேரியா என்று உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறார். நான் அவனைக் கட்டிப்போடவில்லை. கதவைப் பூட்டவில்லை; அந்த மண்டபத்துக்குக் கதவே கிடையாது. எந்த நாளும், எந்த நேரமும் அவன் இறங்கி நடந்து வந்திருக்கலாம். கற்களை வைத்தது நான். ஒன்றுவிடாமல் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மாலிஸ் என்னைப் பார்க்க வரமாட்டாள் என்று காவலர் சொன்னார். அடுத்த வண்டியில் எல்லையைத் தாண்டிப் போய்விட்டாளாம். கோபம் தணிந்தால் வருவாள். ஏன் கத்தவில்லை என்று அவள் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. நீங்களும் அதையே கேட்கிறீர்கள், அதனால் இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளுக்குக் காட்டுங்கள். அந்த மண்ணில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு நான் எதற்குக் கத்த வேண்டும்? பெற்ற மகள் ஆபத்தில் கால் வைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பன் இல்லை நான்.